பெயரும் பிடியும்: அன்மவுண்ட் செய்யும்போது சிம்லிங்க்குகளுக்கு நேர்வது

சிம்பாலிக் லிங்க், வழக்கில் சிம்லிங்க், இன்னொரு கோப்பின் பாதையைத் தன் உள்ளடக்கமாக வைத்திருக்கும் சிறு கோப்பு. ‘/காப்பு’ என்ற சிம்லிங்க் ‘/வட்டு/அலுவலகம்/காப்பு’ என்ற அடைவைச் சுட்டுகிறது என்றால், அதில் இருப்பது அந்தப் பாதையின் எழுத்துகள் மட்டுமே. சுட்டப்படும் அடைவின் ஐநோடு (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) எண்ணோ, அது எந்த வட்டில் இருக்கிறது என்ற குறிப்போ அங்கே கிடையாது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பாதை 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் வட்டில் தனித் தொகுதிகூட ஒதுக்கப்படுவதில்லை. எழுத்துகள் ஐநோடுக்குள்ளேயே அடங்கிவிடும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிப்பதால், மேலே காட்டிய பாதை சரியாக 60 பைட் வந்து, அந்தச் சலுகையை ஒரே பைட்டில் தவறவிடுகிறது. அன்மவுண்ட் என்பது அடைவு மரத்தில் ஓரிடத்தில் பொருத்தப்பட்ட கோப்பு முறைமையைக் கழற்றுவது: நினைவகத்தில் தேங்கியுள்ளதை வட்டில் எழுதி முடித்து, மரத்திலிருந்து அந்தக் கிளையைப் பிரித்து, வட்டை விடுவிக்கும் வேலை.

இவை இரண்டும் சந்திக்கும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. கழற்றப்படும் கோப்பு முறைமைக்குள் சுட்டிக்கொண்டிருக்கும் வெளிச் சிம்லிங்க்குகள் என்ன ஆகும்? எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் பெயரே ஒரு சிம்லிங்க்காக இருந்தால் கர்னல் என்ன செய்யும்? கழற்றப்படும் கோப்பு முறைமைக்குள்ளேயே இருக்கும் சிம்லிங்க்குகளின் நிலை என்ன? முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது, விளைவுகள் நீளமானவை. பாதுகாப்புப் பிழைகள் பெரும்பாலும் இரண்டாவதில் பிறந்திருக்கின்றன. மூன்றாவது, கர்னலின் உட்கட்டமைப்பைத் தொடுவது.

எல்லை தாண்டும் உரிமையும் அதன் விலையும்

யூனிக்ஸில் முதலில் இருந்தது ஹார்டு லிங்க் மட்டுமே. ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் வைப்பது அது. ஐநோடு எண் ஒரு கோப்பு முறைமைக்குள் மட்டுமே பொருளுடையது என்பதால் ஹார்டு லிங்க் எல்லை தாண்ட முடியாது. முயன்றால் கர்னல் பிழை தந்து மறுக்கும். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி சிம்லிங்க்கை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தது. இத்தகைய இணைப்பு யோசனை அதற்கு முன்பே மல்டிக்ஸில் இருந்தது. எல்லை தாண்டிச் சுட்டுவதுதான் சிம்லிங்க்கின் முதன்மையான பயன்.

அன்மவுண்ட் கோணத்திலிருந்து பார்த்தால் இந்த வடிவமைப்பின் நேர்த்தி தெரியும். ஹார்டு லிங்க் எல்லை தாண்டியிருந்தால், ஒரு வட்டைக் கழற்றுவதற்கு முன் மற்ற எல்லா வட்டுகளிலும் அதற்கு எத்தனை இணைப்புகள் உள்ளன என்று கணக்கெடுக்க வேண்டியிருக்கும். அப்போது இணைக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும் வட்டுகளையும் தேட வேண்டிவரும். சிம்லிங்க் வெறும் எழுத்து என்பதால் அந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை. ஒரு வீட்டின் விலாசம் எத்தனை சீட்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அந்த வீட்டைக் காலி செய்வதற்குத் தடையாவதில்லை. அதற்குக் கொடுக்கப்படும் விலை, சுட்டப்படும் பொருள் இருக்கும் என்ற உறுதி இல்லாமை. 

ஆகவே முதல் கேள்விக்கு விடை: லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், மேக்ஓஎஸ் ஆகிய எதிலும், வெளியிலிருந்து சுட்டும் சிம்லிங்க்குகளை அன்மவுண்ட் பொருட்படுத்துவதில்லை. அவற்றைத் தேடுவதில்லை, எச்சரிப்பதில்லை, திருத்துவதுமில்லை. ஆயிரம் சிம்லிங்க்குகள் ஒரு வட்டைச் சுட்டினாலும் அது உடனே கழன்றுவிடும்.

எது பிடித்துக்கொண்டிருக்கிறது

கர்னல் பார்ப்பது பிடிகளை. திறந்திருக்கும் கோப்பு, ஏதேனும் ஒரு நிரலின் நடப்பு அடைவு, நிரலின் வேர் அடைவு, நினைவகத்தில் மேப் செய்யப்பட்ட கோப்பு, ஸ்வாப் கோப்பு, அந்த மரத்துக்குள் மேலும் பொருத்தப்பட்ட இன்னொரு கோப்பு முறைமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் சாதாரண அன்மவுண்ட் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற ஈபிஸி பிழையுடன் திரும்பும். 

சிம்லிங்க் வழியாக ஒரு கோப்பைத் திறந்தால், பாதையைத் தேடும் சில மைக்ரோவினாடிகளுக்கு மட்டுமே சிம்லிங்க்குக்கு வேலை. தேடல் முடிந்ததும் நிரலின் கையில் இருப்பது உண்மையான கோப்பின் பிடி. எந்தச் சிம்லிங்க் வழியாக வந்தது என்பது மறக்கப்பட்டுவிடும். அன்றாடக் குழப்பம் ஒன்று இங்கிருந்துதான் வருகிறது. ஒருவர் தம் வீட்டு அடைவிலுள்ள ‘படங்கள்’ என்ற சிம்லிங்க்குக்குள் சிடி கட்டளையால் நுழைகிறார்; அது சுட்டுவது வெளி வட்டிலுள்ள ஓர் அடைவை. ஷெல் தான் வந்த வழியை நினைவில் வைத்திருப்பதால், பிடபிள்யூடி கட்டளை வீட்டு அடைவின் பாதையையே காட்டும். ‘வீட்டில்தானே இருக்கிறோம்’ என்று நினைத்து வட்டைக் கழற்ற முயன்றால் ஈபிஸி. ஷெல்லின் உண்மையான நடப்பு அடைவு வட்டுக்குள் இருக்கிறது. பிடபிள்யூடி கட்டளைக்குப் பெரிய ‘பி’ விருப்பத்தைக் கொடுத்தால் சிம்லிங்க் நீக்கிய உண்மைப் பாதை தெரியும். எல்எஸ்ஓஎஃப், ஃபியூசர் ஆகிய கருவிகள் கர்னலின் கணக்கிலிருந்து எடுப்பதால், யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைச் சிம்லிங்க்கால் ஏமாறாமல் சொல்லும்.

சிம்லிங்க்கே பிடியாகும் அரிய நிலையும் உண்டு. லினக்ஸ் 2.6.39-இல் வந்த ஓ_பாத் என்ற திறப்பு முறையை, சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்ற ஃபிளாக்குடன் சேர்த்தால், சிம்லிங்க்கையே ஒரு பொருளாகத் திறந்து வைத்திருக்கலாம். அப்படித் திறந்திருக்கும்வரை அந்தச் சிம்லிங்க் குடியிருக்கும் கோப்பு முறைமை கழலாது. அது சுட்டும் கோப்பு முறைமைக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை.

கழன்ற பிறகு

அன்மவுண்ட் முடிந்தபின் சிம்லிங்க்குகள் எல்லாம் ஒரே மாதிரி அறுந்துபோகும் என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் தரவு இழப்பு நேர்கிறது.

‘/வட்டு’ என்ற அடைவு பொருத்துமிடம் என்று கொள்க. சிம்லிங்க் ‘/வட்டு/அலுவலகம்/காப்பு’ என்று உள்ளே ஆழமாகச் சுட்டினால், கழற்றியபின் ‘அலுவலகம்’ என்ற அடைவே கண்ணுக்குத் தெரியாது. சிம்லிங்க்கைத் திறக்கும் நிரலுக்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழை கிடைக்கும். இது நல்ல முடிவு: பிழை உடனே தெரிகிறது, நிரல் நிற்கிறது.

சிம்லிங்க் ‘/வட்டு’ என்ற பொருத்துமிடத்தையே சுட்டினால் கதை வேறு. கழற்றியபின் அந்த அடைவு மறைவதில்லை. வட்டு பொருத்தப்படுவதற்கு முன் அங்கே இருந்த, வேர்க் கோப்பு முறைமையைச் சேர்ந்த, பெரும்பாலும் காலியான அடைவு மீண்டும் வெளிப்படுகிறது. சிம்லிங்க் அறுவதில்லை, அது இப்போது வேறொரு பொருளைச் சுட்டுகிறது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இரவில் ஓடும் காப்பு நிரல் அதன் வழியே எழுதத் தொடங்கினால், நூற்றுக்கணக்கான கிகாபைட் தரவு வேர் வட்டில் கொட்டி, அது நிரம்பி, கணினியே தடுமாறும். காலையில் வட்டை மீண்டும் பொருத்தியதும் அந்தக் கோப்புகள் அதற்கு அடியில் மறைந்துவிடும். இடம் எங்கே போனது என்று டியூ கட்டளையால் கண்டுபிடிக்க முடியாது. எதிர்த்திசையில் இதைவிட மோசம். மூலம் கழன்றிருக்கும் வேளையில் ‘மூலத்தில் இல்லாததை இலக்கில் அழி’ என்ற விருப்பத்துடன் ஆர்சிங்க் ஓடினால், காலியான அடைவை மூலமாக எடுத்துக்கொண்டு காப்பை முழுக்க அழித்துவிடும்.

மூன்றாவது வகை நுட்பமானது. சிம்லிங்க் ‘/வட்டு/பதிவேடு’ என்ற கோப்பைச் சுட்டுகிறது. வட்டு கழன்றதால் அது அறுந்திருக்கிறது. ஒரு நிரல் அதை ‘இல்லாவிட்டால் உருவாக்கு’ என்ற முறையில் திறந்தால், கர்னல் சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து, வெளிப்பட்டிருக்கும் காலி அடைவுக்குள் ‘பதிவேடு’ என்ற புதுக் கோப்பை உருவாக்கிவிடும். அறுந்த இணைப்பு பிழை தரும் என்று நம்பியிருந்தவருக்கு இது எதிர்பாராதது. ‘புதிதாக மட்டுமே உருவாக்கு’ என்ற ஓ_எக்ஸ்கிள் ஃபிளாக் இருந்தால் கர்னல் சிம்லிங்க்கைப் பின்தொடராமல் மறுக்கும்.

எச்சரிக்கையான நிர்வாகிகள் கையாளும் வழிகள் இந்த நடத்தையிலிருந்தே பிறந்தவை. சிம்லிங்க்கைப் பொருத்துமிடத்துக்கு வைக்காமல் வட்டுக்குள் ஓர் உள்ளடைவுக்கு வைப்பது அவற்றில் எளியதும் சிறந்ததும்; கழன்றால் இணைப்பு சுத்தமாக அறும். வட்டு பொருத்தப்படாத வேளையில் அந்தக் காலி அடைவுக்கு மாற்ற முடியாத பண்பைச் சேட்டர் கட்டளையால் கொடுத்துவிட்டால், ரூட் பயனர்கூட அதில் தவறுதலாக எழுத முடியாது. வட்டைப் பொருத்துவதை அது தடுப்பதும் இல்லை. நிரல் ஓடும் முன் ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் சோதிப்பது மூன்றாவது வழி.

லினக்ஸ் மேசைக் கணினிகளில் யுஎஸ்பி வட்டைச் செருகும்போது பொருத்துமிடம் அப்போதே உருவாக்கப்பட்டு, கழற்றியதும் நீக்கப்படுகிறது. அங்கே பொருத்துமிடத்தைச் சுட்டும் சிம்லிங்க்கும் முறையாக அறுகிறது. கையால் உருவாக்கிய நிரந்தரப் பொருத்துமிடங்கள்தாம் ஆபத்தானவை.

பெயரே சிம்லிங்க்காக இருந்தால்

ஆரம்பகால யூனிக்ஸில் எதைக் கழற்றுவது என்பதை வட்டுக் கருவியின் பெயரால் சொன்னார்கள். லினக்ஸும் அப்படியே தொடங்கியது. 0.98 பதிப்பின் நான்காம் ஒட்டில் அடைவின் பெயரால் கழற்றும் வசதி வந்தது. கருவியே இல்லாத கோப்பு முறைமைகளுக்கு அது தேவைப்பட்டது. ஒரே கருவியைப் பல இடங்களில் பொருத்தலாம் என்று ஆனபின், கருவிப் பெயர் போதாது என்பதால் 2.3.99 பதிப்பில் பழைய முறை நீக்கப்பட்டது. அன்றிலிருந்து கர்னலுக்குக் கொடுக்கப்படுவது ஒரு பாதை. பாதை என்றால் அதில் சிம்லிங்க் வரலாம்.

யூமவுண்ட் கட்டளைக்குச் சிம்லிங்க்கைக் கொடுத்தால், அது முதலில் ஒவ்வொரு சிம்லிங்க்காக அவிழ்த்து உண்மைப் பாதையைக் கண்டுபிடிக்கிறது. பிறகு கர்னல் தரும் மவுண்ட் பட்டியலில் அதைத் தேடுகிறது. அந்தப் பட்டியலில் சிம்லிங்க்குக்கு இடமில்லை, கர்னல் தன் உள்மரத்திலிருந்து பாதையைக் கட்டி எழுதுவதால். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் மவுண்ட் யூனிட்டுகளில் பொருத்துமிடம் சிம்லிங்க்காக இருக்கக் கூடாது என்று விதித்திருப்பதும் இதனால்தான்; யூனிட்டின் பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் எதைக் கழற்றுவது என்று தெரியாது. கருவிகளின் நிலையான பெயர்களாகிய யூயூஐடி, லேபிள் வழிப் பாதைகளும் சிம்லிங்க்குகளே. கருவிகளைக் கண்காணிக்கும் யூதேவ் அவற்றை உருவாக்குகிறது. அவற்றில் ஒன்றைக் கொடுத்தாலும் யூமவுண்ட் அவிழ்த்துப் புரிந்துகொள்ளும். அன்மவுண்ட் செய்வதால் அந்தச் சிம்லிங்க்குகள் போவதில்லை. கருவியே அகற்றப்படும்போதுதான் யூதேவ் அவற்றை நீக்குகிறது.

இந்த அவிழ்ப்பு ஒரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. பிணையத்தின் வழியே கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் செத்துப்போய், அதன் பொருத்துமிடத்தைக் கழற்ற வேண்டியிருக்கும்போது, பாதையை அவிழ்ப்பதற்காகச் செய்யும் விசாரணையே சர்வரின் பதிலுக்குக் காத்து உறைந்துபோகலாம். அதற்காகவே அவிழ்க்காமல் கொடுத்த பெயரையே பயன்படுத்தும் விருப்பம் யூமவுண்டில் உள்ளது. ஃப்ரீபிஎஸ்டி இன்னும் நேரான வழியை எடுத்தது: ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் உள்ள எஃப்எஸ்ஐடி எண்ணைக் கர்னலிடம் கொடுத்துக் கழற்றலாம். பாதையே இல்லாததால் சிம்லிங்க் குறித்த கேள்வியும் எழுவதில்லை. இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைகளில் தெளிவானது இது என்றே சொல்ல வேண்டும்.

கர்னல் மட்டத்தில், லினக்ஸின் அன்மவுண்ட் அழைப்பு இயல்பாகவே சிம்லிங்க்கைப் பின்தொடரும். ரூட் பயனர் மட்டும் கழற்றும்வரை அது பொருட்டில்லை. பயனர் நிரல்களே கோப்பு முறைமையாக இயங்க உதவும் ஃபியூஸ் வந்து, சாதாரணப் பயனரும் தாம் பொருத்தியதைக் கழற்றலாம் என்று ஆனபோது நிலைமை மாறியது. ஃபியூசர்மவுண்ட் என்ற கருவி ரூட் உரிமையுடன் ஓடி, ‘இது இந்தப் பயனர் பொருத்தியதா’ என்று பாதையைச் சோதித்து, பிறகு அதே பாதையைக் கர்னலிடம் கொடுத்தது. சோதனைக்கும் கழற்றலுக்கும் இடைப்பட்ட நொடியில் பயனர் அந்த அடைவை நகர்த்திவிட்டு, அதே பெயரில் வேறொரு பொருத்துமிடத்தைச் சுட்டும் சிம்லிங்க்கை வைத்தால், கருவி தனக்கு உரிமை இல்லாததைக் கழற்றிவிடும். இந்த ஓட்டை, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2010-0789 என்று பதிவானது. லினக்ஸ் 2.6.34-இல் யூமவுண்ட்_நோஃபாலோ என்ற ஃபிளாக் சேர்க்கப்பட்டது இத்தகைய கருவிகளுக்காகவே: பாதையின் இறுதிப் பெயர் சிம்லிங்க்காக இருந்தால் பின்தொடராதே.

இறுதிப் பெயர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நடுவில் உள்ள அடைவுகளில் ஒன்று சிம்லிங்க்காக மாற்றப்பட்டால் அந்த ஃபிளாக் தடுக்காது. அதே ஆண்டில் பதிவான சிவிஇ-2010-3879 இந்த வழியில்தான் வந்தது: பொருத்துமிடத்தின் மேல் அடைவைச் சிம்லிங்க்காக மாற்றி, மவுண்ட் பட்டியல் கோப்பான எம்டேப்பில் விரும்பிய பாதையை எழுத வைப்பது. அதைத் தவிர்க்க, கருவி முதலில் மேல் அடைவுக்குள் தானே நுழைந்து நின்றுகொண்டு, கடைசிப் பெயரை மட்டும் நோஃபாலோவுடன் கொடுக்கும் முறை வந்தது. நடப்பு அடைவு ஒரு பிடி. வெளியே யார் எந்தப் பெயரை மாற்றினாலும் அது நகராது. எம்டேப் கோப்பும் பின்னர் வழக்கிழந்தது. இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் அது கர்னலின் சொந்த மவுண்ட் பட்டியலைச் சுட்டும் ஒரு சிம்லிங்க்.

கர்னலும் இந்த இடத்தில் தவறியிருக்கிறது. செத்த என்எஃப்எஸ் சர்வர்களைக் கழற்ற வசதியாக, 2013-இல் அன்மவுண்ட்டுக்கென்று தனிப் பாதைத் தேடல் ஒன்று லினக்ஸில் எழுதப்பட்டது. இறுதிப் பெயரைச் சர்வரிடம் சரிபார்க்காமல் விட்டுவிடுவது அதன் நோக்கம். அந்தப் புதிய நிரலில், இறுதிப் பெயர் சிம்லிங்க்காக இருந்தால் பிடிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடி, திரும்பக் குறையாமல் நின்றுவிட்டது. ஒரு கோப்பு முறைமைக்குள் இருக்கும் சாதாரணச் சிம்லிங்க்கை அன்மவுண்ட் செய்யச் சொன்னால், ‘அது பொருத்தப்படவில்லை’ என்ற சரியான பதில் வரும். அதன்பின் அந்தக் கோப்பு முறைமையையே கழற்ற முயன்றால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். எல்எஸ்ஓஎஃப் எதையும் காட்டாது, ஏனென்றால் உண்மையில் யாரும் பிடித்திருக்கவில்லை. எண்ணிக்கையை மீண்டும் மீண்டும் ஏற்றி வழியவிட்டால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தும் நிலையும் வரலாம். இது சிவிஇ-2014-5045, 3.15.8 பதிப்பில் திருத்தப்பட்டது. சிம்லிங்க் எதையும் பிடிப்பதில்லை என்ற விதி, ஒரு பிழையால் சில மாதங்கள் பொய்யாகியிருந்தது.

2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட, யூமவுண்ட் கட்டளையைத் தரும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் ஓட்டைகளில் ஒன்றில் சிம்லிங்க் நேரடியாகக் குற்றவாளி இல்லை. ஆனால் வேர் அதேதான். அழிக்கப்பட்ட பொருத்துமிடங்களுக்குப் பின்னொட்டாகக் கர்னல் எழுதும் ஒரு சொல்லை, லிப்மவுண்ட் நூலகம் பட்டியலைப் படிக்கும்போது வெட்டி எறிந்தது. அதே பின்னொட்டைப் பெயராகவே கொண்ட அடைவை உருவாக்கிய பயனர், மற்றவர்களின் கோப்பு முறைமைகளைக் கழற்ற முடிந்தது. பொருளைக் காட்ட எழுத்தை நம்பியதன் விளைவு.

உள்ளே இருப்பவை, சோம்பல் அன்மவுண்ட், மாயச் சிம்லிங்க்குகள்

கழற்றப்படும் கோப்பு முறைமையிலேயே இருக்கும் சிம்லிங்க்குகள் வட்டோடு போகின்றன. நினைவகத்தில் இருந்த அவற்றின் ஐநோடுகளைக் கர்னல் மற்ற ஐநோடுகளைப் போலவே அகற்றுகிறது. ஒரு நிரல் அந்தச் சிம்லிங்க்கின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கும் அதே கணத்தில் கழற்றல் நடந்தால் என்ன என்பதுதான் இங்கே கடினமான பகுதி. 2015-இல் வந்த லினக்ஸ் 4.2-இலிருந்து, சிம்லிங்க்குகளைப் பிடி எதுவும் எடுக்காமலேயே ஆர்சியூ முறையில் வேகமாகக் கடக்க முடிகிறது. பிடி இல்லாததால் அன்மவுண்ட்டைத் தடுக்கவும் முடியாது. எனவே சிம்லிங்க்கின் எழுத்துகள் இருக்கும் நினைவகத்தை, படிப்பவர் அனைவரும் வெளியேறும்வரை விடுவிக்காமல் வைத்திருக்க வேண்டும். இதற்கான ஒழுங்கான ஏற்பாடு 2019-இல் 5.2 பதிப்பில் கோப்பு முறைமைகளுக்கெல்லாம் பொதுவாக வந்தது.

லினக்ஸ் 2.4.11-இலிருந்து சோம்பல் அன்மவுண்ட் உண்டு. பிடிகள் இருந்தாலும் மரத்திலிருந்து கிளையை உடனே பிரித்துவிட்டு, கடைசிப் பிடி விடுபடும்போது உண்மையான கழற்றலை முடிப்பது அது. பிரிந்த கிளைக்குள் நடப்பு அடைவை வைத்திருக்கும் நிரல் தொடர்ந்து ஓடும். அப்போது சிம்லிங்க்கின் இரு வகைகளும் வெவ்வேறு வழியில் போகின்றன. உள்ளே உள்ள சார்புப் பாதைச் சிம்லிங்க்குகள் பிரிந்த கிளைக்குள்ளேயே தேடப்படுவதால் வேலை செய்யும். ‘மேல் அடைவு’ என்று எவ்வளவு ஏறினாலும் கிளையின் அடியில் நின்றுவிடும். வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதைச் சிம்லிங்க்குகள் நிரலின் வேர் அடைவிலிருந்து தேடப்படும். அங்கே இப்போது பொருத்துமிடம் காலி, அல்லது வேறொரு வட்டு. ஒரே கிளைக்குள் நிற்கும் நிரலுக்குச் சில இணைப்புகள் பழைய வட்டையும் சில புதிய வட்டையும் காட்டும் என்பது சோம்பல் அன்மவுண்ட்டை எச்சரிக்கையோடு பயன்படுத்தப் போதுமான காரணம். நடப்பு அடைவின் பாதையைக் கேட்டால், 2.6.36-இலிருந்து கர்னல் ‘எட்ட முடியாதது’ என்று முன்னொட்டுச் சேர்க்கிறது, ஜிலிப்சி 2.27 அதைப் பிழையாகவே திருப்புகிறது.

ப்ரோக் கோப்பு முறைமையில் ஒவ்வொரு நிரலின் திறந்த கோப்புகளுக்கும் ஒரு சிம்லிங்க் காட்டப்படும். பட்டியலிட்டால் அதில் ஒரு பாதை தெரியும். ஆனால் அதைத் திறக்கும்போது கர்னல் அந்தப் பாதையைத் தேடுவதில்லை. திறந்திருக்கும் பொருளுக்கே நேராகத் தாவுகிறது. மாயச் சிம்லிங்க் என்று இவற்றை அழைக்கிறார்கள். சோம்பலாகக் கழற்றப்பட்ட வட்டின் கோப்பைக்கூட இதன் வழியே மீண்டும் திறக்க முடியும், பெயரால் எட்ட வழியே இல்லாதபோதும். இவை எல்லை மீறும் வழியாகப் பயன்படக்கூடும் என்பதால், 2020-இல் லினக்ஸ் 5.6-இல் வந்த ஓப்பன்அட்2 அழைப்பில் மாயச் சிம்லிங்க்குகளை மட்டும் தடுக்கவும், எல்லாச் சிம்லிங்க்குகளையும் தடுக்கவும், மவுண்ட் எல்லையைத் தாண்டுவதைத் தடுக்கவும் தனித்தனி விருப்பங்கள் கொடுக்கப்பட்டன.

மவுண்ட் நேம்ஸ்பேஸ்கள் 2002-இல் 2.4.19 பதிப்போடு வந்தவை. இன்றைய கண்டெய்னர்களின் அடித்தளம். ஒவ்வொன்றுக்கும் தனி மவுண்ட் மரம் என்பதால், ஒரே சிம்லிங்க் ஓரிடத்தில் அறுந்தும் இன்னோரிடத்தில் உயிரோடும் இருக்கலாம். தாய்க் கணினியில் கழற்றிவிட்டோம் என்று நினைத்த வட்டு ஒரு கண்டெய்னரின் மரத்தில் இன்னும் பொருத்தப்பட்டிருந்தால், கருவி விடுபடாது.

தானாகக் கழலும் வட்டுகள்

சிம்லிங்க்குக்கும் அன்மவுண்ட்டுக்கும் இடையிலான பழைய பகை ஒன்று ஆட்டோமவுண்டர்களில் இருந்தது. 1980களின் இறுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜான்-சைமன் பெண்ட்ரி எழுதிய ஏஎம்டி, பயனர் ஓர் அடைவைத் தொட்டதும் அதற்கான சர்வரை வேறோர் ஒதுக்குப்புற அடைவில் பொருத்தி, அதைச் சுட்டும் சிம்லிங்க்கைப் பதிலாகக் கொடுத்தது. சன்ஓஎஸ் ஆட்டோமவுண்டரும் அப்படியே, டெம்ப்_எம்என்டி என்ற அடைவைப் பயன்படுத்தியது. சில நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் வட்டு கழன்றுவிடும். அடுத்த முறை சிம்லிங்க்கைத் தொட்டால் மீண்டும் பொருந்தும்.

நடப்பு அடைவு எது என்று கேட்ட நிரல்களுக்குச் சிம்லிங்க் நீங்கிய ஒதுக்குப்புறப் பாதை கிடைத்தது. அவை அதை அமைப்புக் கோப்புகளில் எழுதி வைத்தன. பிறகு வட்டு கழன்றபின் அந்தப் பாதையைத் திறந்தால் எதுவும் இல்லை, ஏனென்றால் பொருத்தும் வேலையைத் தூண்டுவது சிம்லிங்க்கைத் தொடுவது மட்டுமே. இந்தக் கோளாறு பல ஆண்டுகள் அலுவலகங்களையும் பல்கலைக்கழகங்களையும் அலைக்கழித்தது. சோலாரிஸின் ஆட்டோஎஃப்எஸ், பெயர் இருக்கும் இடத்திலேயே வட்டைப் பொருத்தி, இடைச் சிம்லிங்க்கை முற்றிலும் நீக்கியது. லினக்ஸின் ஆட்டோஎஃப்எஸும் அந்த வழியையே பின்பற்றியது.

கணினியை அணைக்கும்போது

2012-இல் ஃபெடோரா 17, வேரிலிருந்த ‘பின்’, ‘லிப்’ அடைவுகளை யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருப்பவற்றைச் சுட்டும் சிம்லிங்க்குகளாக மாற்றியது. 2023-இல் வெளியான டெபியன் 12 இந்த அமைப்பைக் கட்டாயமாக்கியது. யூஎஸ்ஆர் தனி வட்டுப் பகுதியில் இருந்தால், அதைக் கழற்றும் கணத்தில் ஷெல், யூமவுண்ட் கட்டளை, நிரல்களை ஏற்றித் தரும் லோடர் ஆகிய எல்லாவற்றின் பாதைகளும் அறுந்துபோகும். கழற்றும் கருவியே கழற்றப்படும் வட்டில் இருக்கிறது. அதோடு முதல் நிரலாகிய சிஸ்டம்டியின் கோப்பும் அங்கிருந்து மேப் ஆகியிருப்பதால் ஈபிஸி நிச்சயம். 

இதற்குக் கண்ட தீர்வு, தொடக்கத்தில் பயன்பட்ட இனிட்ராம்எஃப்எஸ் சூழலுக்கே அணைக்கும்போது திரும்பிச் செல்வது. சிஸ்டம்டி மற்ற நிரல்களை நிறுத்தி, கழற்ற முடிந்ததைக் கழற்றி, வேர் அடைவை நினைவகத்தில் உள்ள அந்தச் சிறு சூழலுக்கு மாற்றிக்கொள்கிறது. அங்கே தனக்கென்று கருவிகள் இருப்பதால், பழைய வேரையும் யூஎஸ்ஆரையும் அது நிம்மதியாகக் கழற்றுகிறது. அந்தச் சிம்லிங்க்குகள் சார்புப் பாதையாக அமைக்கப்பட்டதற்கும் பயன் உண்டு: பழுது பார்ப்பதற்காக அந்த வட்டை வேறு கணினியில் ஓர் அடைவில் பொருத்தினாலும், அவை அந்த வட்டுக்குள்ளேயே சுட்டும்.

மேக்ஓஎஸும் விண்டோஸும்

மேக்ஓஎஸில் வெளி வட்டுகள் ‘வால்யூம்ஸ்’ அடைவுக்குள் பொருத்தப்படுகின்றன; தொடக்க வட்டுக்கு அங்கே வேரைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் மட்டும் இருக்கும். வெளி வட்டை வெளியேற்றியதும் அதன் பொருத்துமிடம் நீக்கப்படுவதால் அதைச் சுட்டும் சிம்லிங்க் அறும். ரூட் உரிமையுடன் ஓடும் ஒரு நிரல் அந்தப் பெயரில் சாதாரண அடைவை உருவாக்கிவிட்டால், அடுத்த முறை வட்டு பெயரோடு ‘1’ சேர்ந்து பொருந்தும். சிம்லிங்க் போலி அடைவைக் காட்டும். 1991-இல் சிஸ்டம் 7-இல் வந்த ஏலியாஸ் இதைவிடக் கெட்டியானது. பாதையோடு கோப்பின் எண்ணையும் வட்டின் அடையாளத்தையும் அது வைத்திருப்பதால், வட்டு பொருத்தப்படாதிருந்தால் அதைப் பொருத்தக் கேட்கவும் முடியும். ஆனால் யூனிக்ஸ் அழைப்புகளுக்கு ஏலியாஸ் வெறும் கோப்பாகவே தெரியும்.

விண்டோஸின் அடிப்படை வேறு. விஸ்டாவிலிருந்து என்டிஎஃப்எஸில் சிம்லிங்க் உண்டு. விண்டோஸ் 2000 முதல் ஜங்ஷனும் அடைவில் பொருத்தப்படும் வால்யூம்களும் உண்டு. பின்னிரண்டும் ஒரே வகை ரீபார்ஸ் பாயிண்ட்; வால்யூமைப் பொருத்தும் அடைவில் எழுதப்படுவது அந்த வால்யூமின் ஜியூஐடி. அதாவது பொருத்துமிடமே ஒருவகை இணைப்பு. அதனால் வால்யூம் அகன்றாலும் பொருத்துமிடம் வட்டில் எழுதப்பட்டபடியே இருக்கும். அதைத் திறந்தால் அடியில் மறைந்திருந்த காலி அடைவு வெளிப்படாமல் பிழை வரும். யூனிக்ஸில் நேரும் தவறான எழுத்து இங்கே நேர்வதில்லை.

டிஸ்மவுண்ட் என்ற சொல்லுக்கும் அங்கே வேறு பொருள். வால்யூமைப் பூட்டாமல் டிஸ்மவுண்ட் செய்தால், திறந்திருக்கும் பிடிகள் செல்லாதவையாகும். ஆனால் அடுத்து யாராவது அந்த வால்யூமைத் தொட்டதும் விண்டோஸ் தானாகவே மீண்டும் மவுண்ட் செய்யும். ஒரு சிம்லிங்க்கையோ ஜங்ஷனையோ பின்தொடர்வதும் தொடுவதுதான். நிரந்தரமாக அகற்ற, ‘மவுண்ட்வால்’ கட்டளையின் ‘பி’ விருப்பம் பொருத்துமிடத்தை நீக்கி, பிடிகளை மூடி, வால்யூமை ஆஃப்லைனாக்குகிறது. கணினியில் இனி இல்லாத வால்யூம்களுக்காக எஞ்சி நிற்கும் பொருத்துமிடங்களை அதே கட்டளையின் ‘ஆர்’ விருப்பம் துடைக்கிறது. சாதாரணச் சிம்லிங்க்குகளையும், பாதையைச் சுட்டும் ஜங்ஷன்களையும் அது தொடுவதில்லை. வட்டின் எழுத்து ‘டி’-யிலிருந்து ‘ஈ’-க்கு மாறினாலும் அவை பழைய எழுத்தையே சுட்டிக்கொண்டிருக்கும்.